பி.ஆர். படிக்க 34 லட்சமா? அந்தப் பட்டியலுக்கு ஒரு டீச்சரின் பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்த பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறான். அவன் அப்பா வைத்திருந்த அதே கடை. அவன் மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறாள். பப்ளிக் ரிலேஷன்ஸ், அதாவது மக்கள் தொடர்பு, மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி "உலகின் தலைசிறந்த பி.ஆர். படிப்புகள்: ஓர் ஒப்பீடு" என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறது. ஆறு நாடு, இருபது கல்லூரி. ரேங்க், கட்டணம், எத்தனை மாதம், வேலை விசா என்று நாலு கட்டம். "டீச்சர், இதில் எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டான். அவனிடமும் அவன் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான், பெயர் சொல்லாமல், இதை எழுதுகிறேன்.

அதைப் படித்துப் பார்த்தேன். அதற்குப் பெயர் ஒப்பீடு இல்லை, விலைப்பட்டியல். நம் மார்க்கெட்டில் விலை எழுதி மாட்டும் சிலேட்டு கூட அதைவிட நேர்மையானது. தக்காளி நாட்டா பெங்களூரா என்றாவது அதில் எழுதியிருக்கும்.

குடும்ப குரூப்பில் நான் இதைச் சொன்னதும் ஒரு தம்பி, "அத்தை, நீங்க டீச்சர் ட்ரெயினிங் தானே படிச்சீங்க, வெளிநாட்டு யுனிவர்சிட்டி பத்தி உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான மார்க் ஷீட்டைத் திருத்தியவள். இரண்டு பிள்ளைகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நாட்டுக்கு நாடு வேறு வேறு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு யார் முதல் ரேங்க் என்று சொல்வது கணக்கு இல்லை, ஏமாற்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் "பி.ஆர்." என்றால் பாதிப் பேருக்கு நினைவு வருவது பப்ளிக் ரிலேஷன்ஸ் இல்லை. பெர்மனென்ட் ரெசிடென்சி, அதாவது வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. "பொண்ணு பி.ஆர். படிக்கப் போறா" என்றால், "ஓ, அங்கேயே செட்டில் ஆயிடுவாளா" என்று கேட்கிறார்கள். ஏஜென்சிகளுக்கு இந்தக் குழப்பம் வசதி. இந்த பி.ஆர். படித்தால் அந்த பி.ஆர். கிடைக்கும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே நம்ப வைக்கிறார்கள். அந்தத் தாளில் "வேலை விசா உண்டு" என்று ஒரு டிக் போட்டிருக்கிறது. அந்த டிக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்கா: படிப்பு முடித்ததும் அந்தத் துறையில் 12 மாதம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் படிப்புகளுக்கு இன்னும் 24 மாதம் கூடுதல். கம்ப்யூட்டர் படித்த உங்கள் அண்ணன் மகனுக்கு மூன்று வருடம் கிடைத்தது அதனால்தான். பப்ளிக் ரிலேஷன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே வருடம்தான்.

இங்கிலாந்து: முதுகலை ஒரே வருடம். அதன் பிறகு இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்பது இதுவரை வழக்கம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் கம்பெனி ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 38,700 பவுண்டு ஆனது, 2025 ஜூலையில் 41,700. புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அவ்வளவுதான். கணவனையோ மனைவியையோ கூட அழைத்துப் போகலாம் என்று நினைத்தால், பாடம் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அதுவும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது.

கனடா: பல கல்லூரிகளில் ஓராண்டு பி.ஆர். சான்றிதழ் இருக்கிறது. விலை மலிவு என்பதால் ஏஜென்சிக்கு அதில் தனிப் பிரியம். 2024 நவம்பர் 1க்குப் பிறகு இப்படிப் பட்டம் அல்லாத கல்லூரிப் படிப்புகளுக்கு, அரசு குறித்திருக்கும் துறைகளாக இருந்தால்தான் படித்த பின் வேலை அனுமதி. மருத்துவம், தொழில்நுட்பம், கைத்தொழில், விவசாயம் போன்றவை அதில் இருக்கின்றன. மக்கள் தொடர்பு இல்லை. தாளில் டிக் மட்டும் இருக்கிறது!

இது விசா கதை. படிப்புக் கதைக்கு வருவோம். அதைத்தானே ஒப்பிட வேண்டும்?

இந்தப் பாடம் எங்கே பிறந்தது? அமெரிக்காவில். 1923இல் எட்வர்ட் பெர்னேஸ் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாக நடத்தினார். மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டின் மருமகன் முறை அவர். 1947இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் இதற்கென்று தனிப் பள்ளியே தொடங்கியது. பிரிட்டனில் முதுகலைப் படிப்பாக வந்தது ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில், 1980களின் இறுதியில்தான். பிரான்சில் சோர்போன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த செல்சா 1957இல் தொடங்கியது. ஜெர்மனியில் லைப்ஸிக் பல்கலைக்கழகம் 1994இல் இதற்கு முழுப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தியது. சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ பள்ளி 1992இல் வந்தது. நம் நாட்டில் டில்லியில் ஐ.ஐ.எம்.சி. 1965இல் தொடங்கியது. அங்கே விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுகலைப் பட்டயம் பல காலமாக நடக்கிறது. 2024இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆகிவிட்டது.

ஏன் இந்த வருடங்களை வரிசையாகச் சொல்கிறேன்? ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குத் தகுந்தபடி இந்தப் பாடத்தைச் செய்துகொண்டது என்று காட்டத்தான். அமெரிக்காவில் ரயில்வே முதலாளிகளும் புகையிலைக் கம்பெனிகளும் பத்திரிகைகளோடு மல்லுக்கட்டிய காலத்தில் பிறந்த பாடம் அது. பிரான்சில் பல்கலைக்கழக இலக்கியப் படிப்பிலிருந்து கிளைத்தது. ஜெர்மனியில் ஆராய்ச்சித் துறை போல வளர்ந்தது. பிசிக்ஸ் பாடம் பாஸ்டனிலும் பாகூரிலும் ஒன்றுதான். மக்கள் தொடர்பு அப்படி இல்லை. பெயரிலேயே "மக்கள்" இருக்கிறது. எந்த மக்கள்? அங்கே படிப்பவள் அந்த ஊர்ப் பத்திரிகை, அந்த ஊர்ச் சட்டம், அந்த ஊர் ஜனங்களின் கோபதாபம் ஆகியவற்றைப் படிக்கிறாள். படித்து முடித்ததும் விசா முடிகிறது, ஊருக்கு வருகிறாள். இங்கே தினத்தந்தி நிருபரையும் தெரியாது, ஊராட்சி மன்றத்தையும் தெரியாது. 34 லட்சம் செலவழித்து அடுத்த வீட்டு முகவரியை மனப்பாடம் செய்தது போல.

அந்த ஏஜென்சி ஆள் இன்னொன்றும் செய்திருக்கிறார். என் கோபத்துக்கு உண்மையான காரணம் அதுதான். விண்ணப்பத்தோடு அனுப்ப அந்தப் பெண்ணுக்காக ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் "என் தந்தை ஒரு தொழிலதிபர்" என்று இருக்கிறது. மார்க்கெட் என்ற சொல்லே இல்லை. கேட்டதற்கு, "மார்க்கெட் பாஷை எல்லாம் இந்தப் படிப்புக்குச் சரிவராது" என்றாராம்.

அந்தப் பெண் என்ன செய்தவள் தெரியுமா? ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது வியாபாரிகள் எதிர்த்ததும் போராடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இதில் யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் நடந்து காய் வாங்கியவள் நான். புதிய கட்டடத்தின் தேவையும் தெரியும், தினக்கூலி போல் பிழைக்கும் கடைக்காரர்களின் பயமும் தெரியும். கட்டும் வரை நாங்கள் எங்கே போவது, கட்டி முடித்தால் எங்கள் கடை எங்களுக்கு நிச்சயமா, வாடகை என்ன ஆகும் என்று சுற்றியிருந்த கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இந்தப் பெண் பேப்பரில் ஆங்கிலத்தில் வந்ததை மீன்கார அம்மாக்களுக்கும் பூக்காரர்களுக்கும் தமிழில் படித்துச் சொன்னாள். அவர்கள் சொன்னதைக் கேட்டு மனுவாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை, "இது உண்மை இல்லை, நான் போய்க் கேட்டு வந்தேன்" என்று நிறுத்தினாள். அவளிடம் விண்ணப்பத்தில் எழுதத்தக்க சொத்து அது ஒன்றுதான். அதைத்தான் அவர் அடித்துவிட்டார்!

மக்கள் தொடர்பு என்ற வேலையே இரண்டு பக்கத்துக்கு நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிய நிற்பதுதான். இது நம் ஊருக்குப் புதிதா? மார்க்கெட்டை ஒட்டிய தெருவின் பெயர் என்ன? ரங்கப்பிள்ளை தெரு. ஆனந்தரங்கப் பிள்ளை 1747இல் டூப்ளேயின் தலைமை துபாஷி ஆனவர். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். பிரெஞ்சுக்காரனுக்கு நம் வியாபாரியையும், நம் வியாபாரிக்குப் பிரெஞ்சுக்காரனையும் விளங்க வைத்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் சரித்திரத்துக்கு ஆதாரம். யார் வந்தார், என்ன பேசினார், என்ன விலை என்று விடாமல் எழுதிவைத்தார்.

அவ்வளவு பழசு வேண்டாம் என்றால் சினிமாவுக்கு வாருங்கள். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைச் சொல்வார்கள். 1958இல் எம்.ஜி.ஆரின் நாடோடி மன்னன் படத்தில் தொடங்கிய வேலை. அவர் பெயர் நிலைத்தது எதனால்? படம், தேதி, நடித்தவர், எடுத்தவர் என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்துச் சேர்த்துவைத்ததால். அவர் சொன்ன தகவலைப் பத்திரிகைக்காரர்கள் நம்பினார்கள். 2016இல் அவர் காலமானபோது தமிழ்நாடே ஒரு களஞ்சியத்தை இழந்ததாகப் பேசியது. நம்பிக்கைதான் அந்தத் தொழிலின் முதலீடு.

"டீச்சர், வெளிநாட்டில் படித்தால் தரம் இருக்குமே" என்பீர்கள். தரம் இருக்கிறது, மறுக்கவில்லை. நல்ல நூலகம், நல்ல ஆசிரியர்கள், பேச்சுச் சுதந்திரம் எல்லாம் இருக்கும். ஆனால் பட்டம் நேர்மையைத் தராது. பாடத்தின் தந்தை என்று சொல்லப்படும் அதே பெர்னேஸ்தான் 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்துக்கொண்டு நடக்க வைத்து, அதைப் பெண் விடுதலை என்று பத்திரிகையில் வரவைத்தார். பின்னால் இருந்தது சிகரெட் கம்பெனி. பழைய கதை என்பீர்களா? லண்டனில் பெல் பாட்டிங்கர் என்று பெரிய பி.ஆர். நிறுவனம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நம் உத்தரப்பிரதேசத்திலிருந்து போன குப்தா குடும்பத்தின் கம்பெனிக்காக, இனவெறுப்பைக் கிளப்பும்படி பிரசாரம் செய்தது. 2017 செப்டம்பரில் பிரிட்டன் பி.ஆர். சங்கமே அவர்களை வெளியேற்றியது. சில நாட்களில் கம்பெனியே மூழ்கியது. அங்கே இருந்தவர்கள் படிக்காதவர்களா? ஆகவே எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும், பொய் சொல்லச் சொன்னால் என்ன செய்வது என்று எந்தத் தாளில் சொல்லித் தருகிறீர்கள் என்று கேளுங்கள். ஏஜென்சித் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தத் தாளில் இல்லாத இன்னொரு கட்டம், பாண்டிச்சேரிக்காரர்களுக்கு மட்டும் உரியது. பாஸ்போர்ட்! நம் சொந்தத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் எத்தனை? பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2019இல் ஐரோப்பியப் பிள்ளைக்கு முதுகலைக் கட்டணம் ஆண்டுக்கு 243 யூரோ. அதே வகுப்பில் வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு 3,770 யூரோ என்று அந்த வருடம் விதி வந்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தனியார் கல்லூரிக்கு லட்சம் லட்சமாகக் கட்டும் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். செல்சாவுக்கு நுழைவுத் தேர்வு கடினம்தான். கடினமான கதவைக் காட்டாமல் காசு கதவைக் காட்டுவதுதான் ஏஜென்சியின் வேலை, ஏனென்றால் கமிஷன் அந்தக் கதவில் இருக்கிறது. ஜெர்மனியிலும் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் விதி. மக்கள் தொடர்பு படிக்க ஜெர்மன் மொழி சரளமாக வர வேண்டும். அந்தத் தாளில் ஜெர்மனியே இல்லை. ஏன் என்று யோசியுங்கள்.

இப்போது கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இங்கிலாந்தில் கட்டணம், தங்குவது, விசா, விமானம் எல்லாம் சேர்த்து 34 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 46,800 ரூபாய். 120 மாதத்தில் கட்டும் மொத்தம் 56 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்து வட்டி தனி. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். இருக்கும் ஒரே சொத்து வில்லியனூர்ப் பக்கத்து வீடு. பி.ஆர். ஏஜென்சிகளில் சேர்ந்த என் மாணவர்களைக் கேட்டேன். சென்னையில் முதல் வருடம் அந்தத் தவணை அளவுக்குச் சம்பளம் வாங்கியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், தம்பிக்குப் படிப்பு, அப்பாவுக்கு முட்டிவலி எல்லாம் அந்தத் தவணைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

"அப்படியானால் யாரும் வெளிநாடு போகக் கூடாதா?" இல்லை. என் மாணவர்கள் பாரிஸிலும் டொராண்டோவிலும் நன்றாக இருக்கிறார்கள். இதை அவர்களும் படிக்கிறார்கள். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். ஓரிரண்டு வருடம் இங்கே வேலை பார்த்து, எது தெரியவில்லை என்று தெரிந்துகொண்டு போகட்டும். குடியுரிமை உள்ளவர்கள் உரிமையோடு போகட்டும். குடியிருக்கும் வீட்டை வைத்து, இல்லாத ஒரு வாக்குறுதியை நம்பிப் போக வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். காலாப்பட்டில் நம் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன், மத்திய பொது நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போகலாம். டில்லி ஐ.ஐ.எம்.சி.க்கும் விண்ணப்பிக்கலாம். 1889 முதல் நம் கடற்கரைப் பக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, மாலையில் பிரெஞ்சு படி. மூன்று மொழியில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த பெண்ணை ஆஸ்பத்திரியும் அரசுத் துறையும் சுற்றுலாத் தொழிலும் தேடும். தமிழ்நாட்டில் உதவி மக்கள் தொடர்பு அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது, அங்கே என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பார். விண்ணப்பம் எதுவானாலும் கட்டுரையை நீயே எழுது. முதல் வரியில் உன் அப்பாவின் கடையை எழுது.

மற்றவர்கள் ஏஜென்சி வாசலுக்குப் போகும்போது இந்த ஏழு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்:

1. இந்தக் கல்லூரி உங்களுக்கு எவ்வளவு கமிஷன் தருகிறது?
2. இது பட்டமா, பட்டயமா, சான்றிதழா? அந்த நாட்டு வேலை அனுமதிக்கு அது செல்லுமா? அரசு இணையதளத்தில் காட்டுங்கள்.
3. போன வருடம் இங்கிருந்து இதே பாடத்துக்குப் போனவர்கள் யார்? அவர்களில் இரண்டு பேரிடம் நான் பேச முடியுமா?
4. அந்த நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?
5. படிப்பில் நேரடி வேலைப் பயிற்சி எத்தனை வாரம்? அந்த இடத்தைத் தேடித் தருவது யார்?
6. தவணை மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?
7. பிள்ளையின் கட்டுரையைப் பிள்ளையே எழுதலாமா?

ஏழாவது கேள்விக்கு "வேண்டாம், நாங்களே எழுதுகிறோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு மறுப்புச் சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இந்தப் பாடம் படித்தவர்கள் உங்கள் செலவையும் அனுபவத்தையும் உள்ளபடி எழுதினால் இந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, இன்னும் பத்து வீட்டுக்கு உதவும். தயவுசெய்து "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எண்ணோடு எழுதுங்கள், நான் திருத்திப் பார்க்கிறேன்.